விளையாடக் கற்ற குட்டி

பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் பிறந்த இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில்தான். 1980-களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் இதை ஆராய்ந்தார். அந்த வாரங்களில் தினமும் கையில் எடுத்துக் கொஞ்சிய குட்டிகள், பிறகும் ஆட்களைத் தேடி வந்தன. கொஞ்சும் நேரம் கூடக்கூட நெருக்கமும் கூடியது.

நம் ஊர்த் தெருக்குட்டிகள் அந்த வாரங்களை மாடிப்படிக்கு அடியிலோ, நிறுத்தி வைத்த காருக்கு அடியிலோ கழிக்கின்றன. தாய் அடிபட்டால் அதோடு சரி. சென்னையில் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஆனால் பல பூனைகள் கூடும் எந்த இடமும் தடுப்பூசி போடாத குட்டிக்கு ஆபத்துதான். பான்லியூகோபீனியா என்ற வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; வாந்தி, பேதியில் ஓரிரு நாளிலேயே குட்டியைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் ஒரு படுக்கையறையையோ பால்கனியையோ ஒதுக்கி, சில வாரங்கள் குட்டிகளை வளர்த்துக் கொடுக்கும் ஃபாஸ்டர் வீடுகள் அருமையானவை. இரவில் எழுந்து புட்டிப்பால் கொடுப்பவர்கள் அவர்கள். நாம் கொண்டாடும் துறுதுறுப்பில் பாதி அவர்கள் வளர்ப்பு.

தத்தெடுக்கப் போகிறவர்கள் நிறம் பார்த்து முடிவு செய்யாமல் ஃபாஸ்டர் வீட்டாரிடம் கேளுங்கள். மிக்சி சத்தத்துக்கு எது ஒளிகிறது, எது நாயைப் பார்த்தும் பதறாமல் இருக்கிறது, எது மற்றவற்றைத் தின்னவிடாமல் தள்ளுகிறது என்று சொல்வார்கள். எட்டு வாரத்துக்கு முன் எந்தக் குட்டியையும் வாங்காதீர்கள். பன்னிரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. கூடப்பிறந்ததைக் கடித்து, அது கத்தி விலகும்போதுதான் எவ்வளவு கடிக்கலாம் என்று குட்டிக்குப் புரிகிறது. தனியாக வளரும் குட்டி அந்தப் பாடத்தை நம் கையில் படிக்கும். முடிந்தால் இரண்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், விரலைக் காட்டி விளையாடாமல், குச்சியில் கட்டிய துணியை இழுத்து விளையாடுங்கள். முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஏனென்றால் விளையாட்டுக் குட்டிக்குப் பெரிய எதிரி நூல். பூக்கட்டிய நூல், தையல் நூல், ரப்பர் பேண்ட். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி இருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்புவது கடினம். ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால் குடல் சுருக்குப்பையாகச் சுருங்கி, அறுபடவும் செய்யும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். அந்துருண்டையும் விஷம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொல்லும். பால்கனிக்கு வலை அடித்த பிறகு குட்டியைக் கொண்டு வாருங்கள்.

சாப்பாட்டில் தயிர்சாதப் பழக்கம் போதாது. பூனைக்கு மாமிசத்திலிருந்து கிடைக்கும் டாரின் வேண்டும்; அது இல்லாமல் கண்ணும் இதயமும் கெடும். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதி.

தடுப்பூசி அட்டையை ஃபாஸ்டர் வீட்டிலிருந்தே வாங்கி வாருங்கள். கருத்தடை செய்வதாகக் கையெழுத்தும் கேட்பார்கள். 'நம்மை நம்பவில்லையே' என்று சிலருக்கு முகம் சுருங்குகிறது. பெண்குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். சுமப்பது ஒன்பது வாரம். ஆண்டுக்கு ஆண்டு அட்டைப்பெட்டிகளில் குட்டிகளை வாங்கிச் சலித்தவர்கள் கேட்கும் கையெழுத்து அது. போட்டுக் கொடுங்கள், ஐந்தாம் மாதத்துக்குள் மருத்துவரிடம் நாளும் குறித்துவிடுங்கள்.