கடைக்குப் போகும் பிள்ளை கற்பது என்ன?

"மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. மாமாவின் கடையிலாவது நிற்கட்டும்." பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பற்றி நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஏழை வீட்டுச் சிறுமியொருத்தியைக் குசினி வேலைக்கு வைத்துவிட்டு, "பாவம், மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறாளே" என்று மனதைத் தேற்றிக் கொள்வோரும் உண்டு. இவ்விரண்டுமே இன்று சட்டப்படி குற்றம் என்பதை நீங்கள் அறிவீர்களா?

1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நெடுங்காலமாகத் தொழிலுக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 14 ஆக இருந்தது. 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. அப்போதும் 14 வயதுப் பிள்ளையை வேலைக்கு வைக்கச் சட்டத்தில் இடமிருந்தது. 2021இல் வந்த திருத்தமே அந்த வயதையும் 16 ஆக்கியது. ஆபத்தான தொழில்களுக்கோ 18 வயது நிரம்ப வேண்டும்.

அதே 2021 யூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற மலையகச் சிறுமியொருத்தி தீக்காயங்களால் உயிரிழந்தாள். அவளைப் பெற்றவளும் நம்மைப் போல் ஒரு தாய்தானே?

"அனஸ் (ரலி) அவர்களும் சிறுவயதில் பணிவிடை செய்தவர்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஏறத்தாழப் பத்து வயதில் அவர்களை நபி (ஸல்) அவர்களிடம் தாயார் உம்மு சுலைம் (ரலி) ஒப்படைத்தார்கள். பத்தாண்டுகளில் நபியவர்கள் தம்மை ஒருமுறையேனும் 'சீ' என்று கடிந்ததில்லை என அனஸ் (ரலி) பிற்காலத்தில் கூறினார்கள். பணிவிடை செய்த அச்சிறுவர், ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை அறிவித்த பேரறிஞராக உயர்ந்தார். நம் கடையில் நிற்கும் பையன் பத்தாண்டுகளின் பின் என்னவாக இருப்பான்?

16 வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தொழில் பழக விருப்பமா? தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் பதிந்து பயிலுநராகச் சேர்த்து விடுங்கள். அங்கே எழுத்திலான உடன்படிக்கை உண்டு. பயிற்சியை முடித்துப் பரீட்சையில் சித்தியடைந்தால், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் கையில் கிடைக்கும். உங்கள் கணவர் கடை முதலாளியாயின், சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டென்பதை நினைவூட்டுங்கள். அதில் முதலாளியின் பங்கு 12 வீதம்.

எங்கேனும் ஒரு பிள்ளை துன்புறுவதை அறிந்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

பிறர் பிள்ளையும் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதமே. அடுத்த முறை "சிறுமி ஒருத்தி இருக்கிறாள், கொண்டு வரட்டுமா?" என்று எவரேனும் கேட்டால், "அவள் எந்த வகுப்பில் படிக்கிறாள்?" என்று முதலில் கேளுங்கள்.