எளிய அயனிகளின் பெயரீறுகளும் தமிழ் எழுத்துமுறையும்

மின்னூட்டம் பெற்ற அணு அல்லது அணுத்தொகுதி அயனி எனப்படும். 1834-இல் மைக்கேல் பாரடே, வில்லியம் ஹியூவெலின் ஆலோசனையுடன், ‘செல்வது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை இதற்குப் பெயராக்கினார். ஒரே அணுவாலானது எளிய அயனி. இத்தகைய பெயர்களைத் தமிழில் எழுதுங்கால், பொருள் வேறுபாடு ஈற்றயலில் நிற்கும் ஓர் ஒற்றெழுத்தைச் சார்ந்து அமைவது மொழியியலார் கருதத்தக்கது.

நேர்மின் அயனிகளில் இடர்ப்பாடு குறைவு. சோடியம், கால்சியம் முதலியவற்றில் தனிமப் பெயரே அயனிக்கும் ஆகிவரும். பல மின்னூட்டங்களை ஏற்கும் உலோகங்களுக்குப் பெரஸ், பெரிக் போன்ற இலத்தீன் வேர்ப் பெயர்கள் வழங்கின. பெரஸ் இரண்டையும் பெரிக் மூன்றையும் சுட்ட, குப்ரஸ் ஒன்றையும் குப்ரிக் இரண்டையும் சுட்டும். ஈறு எண்ணைத் தெரிவிப்பதில்லை. ‘இரும்பு’ என்னும் சொல்லோடு இவ்வீறுகள் ஒட்டவும் மாட்டா. 1919-இல் ஆல்பிரட் ஸ்டாக் முன்மொழிந்தவாறு உலோகப் பெயரை அடுத்துப் பிறைக்கோட்டுக்குள் உரோமன் எண்ணை இடும் முறை இவ்விடரைப் போக்கியது.

எதிர்மின் அயனிகளின் நிலை வேறு. எளிய அயனியாயின் தனிமப் பெயரின் இறுதி கெட்டு ‘-ஐடு’ சேரும்: குளோரைடு, ஆக்சைடு, நைட்ரைடு, சல்பைடு. (சயனைடு, ஐதராக்சைடு ஆகியன பல அணுக்களைக் கொண்டும் இவ்வீறு பெற்ற புறனடைகள்.) ஆக்சிஜனும் உடன்சேர்ந்த அயனிகளில் அது குறைந்தது ‘-ஐட்டு’, மிகுந்தது ‘-ஏட்டு’. பின்னிரண்டு ஈறுகளின் வேறுபாட்டை 1787-இல் லவாசியே, கித்தோன் தெ மோர்வோ முதலிய நால்வர் வெளியிட்ட பெயரிடு முறை நிலைநாட்டியது.

சல்பைடு, சல்பைட்டு என்னும் இணையைக் காண்க. தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் டகரம் ஒலிப்புடையது; இரட்டித்தது ஒலிப்பிலாதது. ஆகவே புதிய எழுத்து எதுவும் வேண்டாமலே மூலமொழியின் வேறுபாடு தமிழில் தெளிவாக நிற்கிறது. ஆங்கில ஒலிப்புக்கு அணுக்கமாக எழுதும் விருப்பால் ஈற்றுகரத்தை விலக்கிச் ‘சல்பைட்’ என்றெழுதினால் இவ்வேறுபாடு அழிகிறது. அமிலம் பட்டால் சல்பைடு உப்பு நச்சு மிக்க ஐதரசன் சல்பைடு வளியை வெளியிடும். சல்பைட்டு உப்பு கந்தக டைஆக்சைடை வெளியிடும். ஆய்வகக் கையேட்டை மொழிபெயர்ப்போர் இதனைச் சிறிய எழுத்துப் பிழையாகக் கொள்ளலாகாது.

வேற்றுமை உருபு ஏற்குமிடத்து மற்றொரு சிக்கல் எழுகிறது. நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில் டகர றகரங்கள் இரட்டும் என்பது நன்னூலார் விதி: காடு – காட்டின், வயிறு – வயிற்றின். இவ்விதி வழியே ‘சல்பைடு’ என்பதும் ‘சல்பைட்டின்’ என்றாகிவிடும்; சல்பைட்டு என்பதன் வேற்றுமை வடிவமும் அதுவே. எழுத்து வழக்கில் ‘சல்பைடின்’, ‘ஆக்சைடில்’ என இரட்டாது வருவதைச் சிலர் இலக்கண வழுவெனத் திருத்துவர். அத்திருத்தம் இருபொருள்களை ஒன்றாக்குவதால், கடன்சொற்களை இவ்விதிக்குப் புறனடையாக்குதலே தக்கது.

இலங்கைப் பாடநூல் மரபு இச்சிக்கலை வேறுவகையில் தீர்த்தது. ஆங்கில டகர ஒலிகளுள் ஒலிப்பிலாததை ‘ற்று’ எனவும், ஒலிப்புடையதை ‘ட்டு’ எனவும் அது எழுதும்: ஒட்சைட்டு, குளோரைட்டு, நைத்திரைற்று, நைத்திரேற்று, சல்பேற்று. தன்னளவில் இது முரணற்றது. ஆனால் அங்குக் ‘குளோரைட்டு’ என்பது உணவு உப்பிலுள்ள அயனி; தமிழ்நாட்டில் ‘-ஐட்டு’ எழுதுவோர்க்கோ அதே சொல், சோடியத்துடன் சேர்ந்து துணி, தாள் முதலியவற்றை வெளுக்கப் பயன்படும் சேர்மத்திலுள்ள, ஆக்சிஜன் கொண்ட அயனி. இருநாட்டு நூல்களையும் ஒருங்கு பயன்படுத்தும் மொழிபெயர்ப்பாளர், பெயரை எடுத்தாளுமுன் அருகிலுள்ள வேதி வாய்பாட்டில் ஆக்சிஜன் இடம்பெற்றுள்ளதா என நோக்குதல் வேண்டும். வாய்பாடு தரப்படாத நூலாயின், அதிலேயே ‘-ற்று’ வடிவங்கள் உளவா எனத் தேடினால் மரபு புலனாகும்.