மெனுவைத் திறந்து படிக்கலாம்

முப்பரிமாண அனிமேஷனுக்குப் பயன்படும் பிளெண்டர் மென்பொருளை லினக்ஸ் கணினியில் நேரடியாக இறக்கிக்கொள்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவதுண்டு. சுருக்கப்பட்ட கோப்பை விரித்தால் உள்ளே எல்லாம் இருக்கிறது. இரட்டை க்ளிக் செய்தால் பிளெண்டர் ஓடவும் செய்கிறது. ஆனால் மெனுவில் தேடினால் அப்படி ஒரு பெயரே இல்லை.

மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. லினக்ஸ் டெஸ்க்டாப்பின் மெனு, கணினி முழுவதையும் துழாவிப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட சில ஃபோல்டர்களை மட்டும்தான் பார்க்கிறது. அங்கே '.டெஸ்க்டாப்' என்று முடியும் சிறு கோப்பு ஒன்று இருந்தால் மெனுவில் இடம் உண்டு. உபுண்டு, டெபியன் போன்றவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நிறுவும்போது அந்தக் கோப்பு தானாகவே உரிய இடத்துக்குப் போய்விடும். தனியாக இறக்கியதற்கு அதைப் பயனரே வைத்தாக வேண்டும்.

அது வெறும் எழுத்துகளால் ஆன கோப்பு என்பதால், எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு விவரம் சொல்கிறது. 'நேம்' வரியில் மெனுவில் தெரிய வேண்டிய பெயர். 'எக்ஸெக்' வரியில், க்ளிக் செய்ததும் ஓட வேண்டிய கட்டளை. 'ஐகான்' வரியில் படத்தின் பெயர். 'கேட்டகரீஸ்' வரியில் 'கிராஃபிக்ஸ்' என்றிருந்தால் மெனுவின் வரைகலைப் பிரிவில் சேரும், 'கேம்' என்றிருந்தால் விளையாட்டுகளோடு சேரும். ஒரே பெயரைப் பல மொழிகளில் தனித்தனி வரிகளாக எழுதிவைக்கவும் வசதி உண்டு. தமிழ் வரி ஒன்று இருந்தால், கணினியைத் தமிழில் வைத்திருப்பவர் மெனுவிலும் தமிழ்ப் பெயரையே பார்ப்பார். ஃபயர்ஃபாக்ஸ் ஐகானில் வலது க்ளிக் செய்ததும் விரியும் 'புதிய சாளரம்' போன்ற குறுக்குவழிகளும் இதே கோப்பில்தான் எழுதப்படுகின்றன.

பிளெண்டரை உருவாக்குபவர்கள் இந்தக் கோப்பையும் ஐகான் படத்தையும் கூடவே வைத்துத்தான் தருகிறார்கள். பயனரின் ஹோம் ஃபோல்டரில் '.லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்' என்ற இடத்துக்கு அந்தக் கோப்பை நகலெடுக்க வேண்டும். பிறகு எக்ஸெக் வரியிலும் ஐகான் வரியிலும் முழுப் பாதையை எழுதிச் சேமித்தால் பிளெண்டர் மெனுவுக்கு வந்துவிடும். நிர்வாகியின் கடவுச்சொல்கூடத் தேவையில்லை.

இந்த எளிமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1996இல் மத்தியாஸ் எட்ரிஷ் கேடிஇ என்ற டெஸ்க்டாப் திட்டத்தைத் தொடங்கினார். அது நம்பியிருந்த க்யூட்டி நிரல்தொகுப்பின் உரிமம் அப்போது கட்டற்றதாக இல்லை என்ற காரணத்தால், 1997இல் மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோம் என்ற மற்றொரு டெஸ்க்டாப் திட்டத்தைத் தொடங்கினார்கள். இரு முகாம்களும் தனித்தனி வழியில் வளர்ந்தால், மென்பொருள் எழுதுபவர் ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் வெவ்வேறு விதமாகக் குறுக்குவழி தயாரிக்க வேண்டியிருக்கும். 2000இல் ஹாவோக் பென்னிங்டன் ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொதுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, போட்டியாளர்கள் ஒரே மேசைக்கு வந்து பொது விதிகளை எழுதினார்கள். இன்று க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ, சினமன் என எதில் உட்கார்ந்தாலும் அதே '.டெஸ்க்டாப்' கோப்பு வேலை செய்கிறது.

ஐகானுக்கும் இப்படி ஒரு பொது விதி இருக்கிறது. படம் உரிய ஐகான் ஃபோல்டரில் இருந்தால் முழுப் பாதை தேவையில்லை, கோப்பில் 'பிளெண்டர்' என்று பெயரை மட்டும் எழுதினால் போதும். பயனர் தேர்ந்தெடுத்திருக்கும் ஐகான் தீமில் அந்தப் பெயரில் படம் இருக்கிறதா என்று டெஸ்க்டாப் முதலில் தேடும். அங்கே இல்லாவிட்டால் அந்தத் தீம் சார்ந்திருக்கும் மற்றத் தீம்களில் தேடும். எதிலும் கிடைக்காதபோது புகலிடம் 'ஹைகலர்' என்ற பொது ஃபோல்டர். மென்பொருள் எழுதுபவர் குறைந்தபட்சம் 48க்கு 48 பிக்ஸல் அளவில் ஒரு படத்தையாவது அங்கே வைக்க வேண்டும் என்கிறது விதி. எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி படம் என்றால் இன்னும் நல்லது.

2005இல் தொடங்கிய டாங்கோ திட்டம் இதில் மேலும் ஓர் அடி முன்னே போனது. சேமி, நகலெடு, அச்சிடு போன்ற அன்றாட வேலைகளுக்கான ஐகான்களுக்கு எல்லா டெஸ்க்டாப்பிலும் பொதுவான பெயர்களை வகுக்க அது துணைநின்றது. அதன் பயனாக, ஓர் ஓவியர் ஒருமுறை வரைந்த தொகுப்பு பல டெஸ்க்டாப்களில் பொருந்தியது. டாங்கோவின் அடிப்படை ஐகான்கள் 2009இல் பொதுவுடைமையாக்கப்பட்டன.

பயனருக்கு இந்த ஏற்பாடு தரும் அதிகாரம் பெரிது. கணினி முழுமைக்குமான கோப்பின் பெயரிலேயே ஹோம் ஃபோல்டரில் ஒரு நகல் இருந்தால், அந்த நகல் சொல்வதுதான் செல்லும். பெயரை மாற்றலாம், ஐகானை மாற்றலாம். 'நோடிஸ்ப்ளே' என்ற வரியைச் சேர்த்து மெனுவிலிருந்தே மறைத்துவிடலாம். பள்ளிக் கணினி ஒன்றைப் பல மாணவர்கள் அவரவர் கணக்கில் பகிர்ந்துகொண்டாலும், ஒருவர் செய்த மாற்றம் மற்றவரின் மெனுவைத் தொடாது. எடிட்டரில் திருத்தத் தயங்குபவர்களுக்கு மெனுலிப்ரே போன்ற கருவிகளும், கேடிஇயின் சொந்த மெனு எடிட்டரும் இருக்கின்றன.

ஒரு கட்டளையை ஓட்டும் கோப்பு என்பதாலேயே இதில் ஆபத்தும் உண்டு. 2019 ஆகஸ்டில் கேடிஇயில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. ஐகான் வரியில் படத்தின் பெயருக்குப் பதிலாகக் கட்டளை ஒன்றை ஒளித்துவைத்தால், அந்தக் கோப்பு கிடக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே கட்டளை ஓடிவிடும். கேடிஇ குழு அதற்கு வழிவிட்ட வசதியையே நீக்கிவிட்டது. டெஸ்க்டாப்பில் புதிதாக வந்து விழும் இத்தகைய கோப்பை உபுண்டுவும் உடனே ஓட்டுவதில்லை. வலது க்ளிக் செய்து பயனர் அனுமதி தர வேண்டும். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்த குறுக்குவழி என்றால், அனுமதி தருவதற்கு முன் அதை எடிட்டரில் திறந்து எக்ஸெக் வரி எதை ஓட்டச் சொல்கிறது என்று பார்த்துவிட அரை நிமிடம்கூட ஆகாது.