பெரியம்மைக்கு ஒரு தெய்வம்

தென்மேற்கு நைஜீரியாவிலும் பெனினிலும் வாழும் யொருபா மக்களின் சமயத்தில் பெரியம்மைக்கு அதிபதி ஷொப்பொனா. நோயைத் தருவதும் தணிப்பதும் அவரே. பெயரை உரக்கச் சொன்னால் சினம் கொள்வார் என்று அஞ்சி, ஒபலுவாயே என்ற பட்டப்பெயரால் அவரைக் குறிப்பிடுவார்கள்.

அம்மையில் இறந்தவரை அடக்கம் செய்யும் பொறுப்பும், அவருடைய உடைமைகளும் இத்தெய்வத்தின் பூசாரிகளுக்கு உரியவையாக இருந்தன. அதனால் அவர்களே நோயைப் பரப்புவதாகச் சந்தேகம் எழுந்தது. லாகோஸ் மருத்துவர் ஒகுன்டோலா சப்பாரா இரகசியமாக அவர்களுடன் சேர்ந்து உண்மையை அறிய முயன்றார். பிறகு ஆங்கிலேய அரசு அந்த வழிபாட்டைத் தடை செய்தது.

அடிமை வணிகம் இத்தெய்வத்தைக் கடல் கடத்தியது. கியூபாவின் சந்தேரியா மரபில் அவர் பாபலு ஆயே. ஊன்றுகோலும் நாய்களும் உடைய புனித லாசருவோடு ஒன்றாகக் கருதப்படுகிறார். டிசம்பர் 17 அன்று, ஹவானா அருகே உள்ள எல் ரின்கோன் தேவாலயத்துக்குச் சாக்குத்துணி உடுத்திய பக்தர்கள் முழந்தாளிட்டும் தவழ்ந்தும் வருகிறார்கள். பிரேசிலின் கந்தோம்ப்ளே மரபில் அவர் ஒமொலு. அம்மைத் தழும்புகளை மறைக்க, அவர் தலையிலிருந்து உடல் முழுவதும் வைக்கோல் தொங்கும். அவருக்குப் படைப்பது சோளப்பொரி. அதை நோயாளியின் உடலில் தூவி நோயைக் கழிப்பார்கள்.

பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வழிபாடு நிற்கவில்லை; தோல் நோய்க்கும் எய்ட்ஸுக்கும் பக்தர்கள் இன்று அவரையே வேண்டுகிறார்கள்.