மலையிறங்கியதும் சூடாகும் ஏசி

உடப்புசல்லாவையில் ஒரு காரின் ஏசி பழுதாகிக் கிடப்பது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகலாம். இந்தக் குளிரில் அதை யார் போடப் போகிறார்கள்? வெளிநாட்டிலிருந்து வரும் உறவைக் கூட்டிவர இராகலை, நுவரெலியா, இறம்பொடை என்று இறங்கிக் கட்டுநாயக்கவுக்குப் போகும் நாளில்தான் பொத்தானை அழுத்துவோம். கம்பளை தாண்டும்போது வெந்த காற்று முகத்தில் அடிக்கும். பின்சீட்டில் கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் பெரும்பாடு. வழியில் கண்ட கராஜில் நிறுத்தி, “கேஸ் முடிஞ்சிருக்கும், அடிச்சு விடுங்க” என்று சொல்லிவிடுகிறோம்.

ஆனால் பெற்றோல் மாதிரி கேஸ் ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. கொம்பிரசர் அதை அழுத்திச் சூடாக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளியேறி, கேஸ் திரவமாகும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் அது மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். ரப்பர் குழாய்கள் வழியே பல வருடங்களில் கொஞ்சம் ஊறிப் போவது உண்டு. ஒரே வருடத்தில் குளிர் நின்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம்.

மலையில் அந்தக் கசிவுக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. பெல்ட்டில் ஓடும் கொம்பிரசரின் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் உண்டு. கேஸோடு சுற்றும் எண்ணெய்தான் அதை ஈரமாக வைத்திருக்கிறது. பல மாதம் ஓடாமல் கிடந்தால் சீல் காய்ந்து வழிவிடும். அதனால் குளிர் ஊரிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். சூட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே ஓட்டலாம். ஏசி காற்றின் ஈரத்தை முதலில் வடித்துவிடுவதால் பனிமூட்டத்தில் முன்கண்ணாடியும் சீக்கிரம் தெளியும். ஓடி முடிந்ததும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் கொயில் குளிர்கிறது. குளிர் ஊரில் ஏசியிலிருந்து வரும் காற்றைக் கைவைத்துப் பார்ப்பதைவிட இந்தச் சொட்டு நம்பகமானது.

கராஜுக்குப் போகுமுன் நாமே பார்க்கக்கூடியவை சில. வெப்பக் குமிழ் சூட்டுப் பக்கமே நிற்கிறதா? குமிழைத் திருப்பியும் காற்று மாறாவிட்டால், உள்ளே சூட்டையும் குளிரையும் கலக்கும் சிறு கதவு சிக்கியிருக்கலாம். அதற்குக் கேஸ் அடித்து ஒரு பயனும் இல்லை. பொனட்டைத் திறந்து ஏசியைப் போடச் சொன்னால், பல கார்களில் கொம்பிரசரின் கிளட்ச் ‘டக்’ என்று பிடிக்கும். பிடிக்காவிட்டால் பியூஸ், ரிலே, எலி கடித்த வயர் ஆகியவற்றைப் பாருங்கள். கேஸ் குறைந்தாலும் கொம்பிரசரைக் காப்பாற்றுவதற்காகக் கிளட்ச் பிடிக்காது. வயரை நேரடியாகத் தொடுத்து அதை ஓடவைக்க யாரையும் விடாதீர்கள். எண்ணெய் சுற்றாமல் கொம்பிரசர் இறுகிப்போகும்.

வேகமாகப் போகும்போது குளிர்ந்து, ஏற்றத்தில் ஊரும்போது சூடானால் கண்டென்சர் ஃபேனைச் சந்தேகியுங்கள். தோட்டப் பாதைகளின் சேறு கண்டென்சரை அடைத்துக்கொண்டாலும் இதே கோளாறுதான். கல் தெறித்த இடத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தால் கசிவு அங்கேதான்.

கராஜில் நம் ஊருக்கென்று தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் இருக்கும் கேஸ் ஆர்-134ஏ. ஓடாமல் நிற்கும்போது அதன் அழுத்தம் சுற்றுச்சூழல் வெப்பத்தைப் பொறுத்தது. 15 பாகையில் கேஜ் 55–60 பிஎஸ்ஐ காட்டும். கொழும்பின் 30 பாகையில் 95-ஐத் தாண்டும். ஏசி ஓடும்போதும் குளிர் ஊரில் அழுத்தம் குறைவாகவே நிற்கும். கொழும்புக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இங்கே நிரப்பினால் கேஸ் அளவுக்கு மிஞ்சிவிடும். மலையிறங்கியதும் அழுத்தம் எகிறி, கொம்பிரசர் தானாக நின்று, மறுபடி சூடான காற்றுதான் வரும். ஆகவே முதலில் கசிவைத் தேடி அடைக்கச் சொல்லுங்கள். பிறகு பழைய கேஸை முழுவதும் எடுத்து, பம்பால் வெக்கியூம் போட்டு, பொனட்டின் கீழ் ஒட்டியிருக்கும் லேபலில் உள்ள கிராம் அளவுப்படி தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

வெக்கியூம் போடும்போதும் உயரத்தின் கணக்கு வரும். கடல் மட்டத்தில் கேஜின் முள் 29 பாதரச அங்குலத்தைத் தாண்டும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் காற்றே மெலிந்திருப்பதால் எவ்வளவு நல்ல பம்பானாலும் 24-க்குக் கிட்டத்தான் போகும். அது கசிவல்ல. பம்பை நிறுத்தி அரை மணி நேரம் கழித்தும் முள் அசையாமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கசிவை விட்டுவிட்டு வருடாவருடம் கேஸ் அடிப்பது காசுக்கு மட்டும் கேடல்ல. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். மழையை நம்பி வாழும் தேயிலைக்காரர்களான நமக்கு அது அந்நிய விஷயமல்ல.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் வேண்டும். சாதாரணக் காரின் ஏசி எண்ணெய் கலந்தால் காப்பு கெட்டு, காரே பழுது காட்டி நிற்கக்கூடும். செம்மஞ்சள் வயர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருப்பதால் அவற்றில் நாமாகக் கைவைக்கவே கூடாது. எந்த எண்ணெய் ஊற்றப் போகிறார்கள் என்று கேஸ் அடிக்கும் முன்பே கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு கராஜுக்குப் போங்கள்.