மார்மன் மக்களின் இல்லற வாழ்க்கை

ஒரு சமயத்தை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அதன் வேதநூல்களையும் கோட்பாடுகளையும் ஆராயத் தொடங்குவர். அது நன்றே. ஆயினும் அச்சமயத்தார் அடுப்பில் எதனை ஏற்றுகின்றனர், பிள்ளைகட்கு மாலை வேளையில் எதனைக் கற்பிக்கின்றனர், நோயும் வறுமையும் வந்துற்ற காலத்து யாரை அழைக்கின்றனர் என்பவற்றை அறியாதார் அச்சமயத்தை அரைகுறையாகவே அறிந்தவராவர். மார்மன் என்று உலகோர் வழங்கும் மக்கட்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். அவர்தம் சமயம் ஆலயத்தினும் வீட்டிலேயே மிகுதியாக நடைபெறுகின்றது. அஃது எங்ஙனம் நடைபெறுகின்றது, அதனால் விளையும் நன்மை யாது, அந்நன்மைக்கு அவர்கள் கொடுக்கும் விலை யாது என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது. 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் இதனை நிறுவினார். அவ்வாண்டிலேயே அவர் வெளியிட்ட மார்மன் புத்தகத்தையும் இவர்கள் விவிலியத்தோடு ஒருங்குவைத்து வேதமாகப் போற்றுவதால் அப்பெயரால் அழைக்கப்பட்டனர். 2018 முதல் சபைத் தலைவர்கள் முழுப்பெயரையே வழங்குமாறு வேண்டி வருகின்றனர். எளிதில் விளங்கும் பொருட்டே யாம் பழம்பெயரை ஆளுகின்றோம். அயலாரின் பகையால் இவர்கள் ஊர்விட்டு ஊர் துரத்தப்பட்டனர். 1844-இல் இல்லினாய் மாகாணத்துக் கார்த்தேஜ் நகரச் சிறையில் ஸ்மித் ஒரு கும்பலாற் கொல்லப்பட்டார். அதன்பின் பிரிகாம் யங் என்பார் தலைமையில் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டு, 1847 ஜூலைத் திங்களில் யூட்டாவில் உள்ள பெரிய உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அஃது மழை அரிதாகிய வறண்ட நிலம். மலையினின்று இறங்கும் ஓடைகளைக் கால்வாய் வெட்டித் திருப்பியே பயிர் செய்தனர். 1848-இல் வளர்ந்து நின்ற பயிரைப் பூச்சிக் கூட்டங்கள் வந்து தின்றன. கடற்காக்கைகள் திரளாக வந்து அப்பூச்சிகளை உண்டமையால் எஞ்சிய பயிர் பிழைத்தது என்று இன்றும் நன்றியோடு கூறுவர். அத்தொடக்க ஆண்டுகளில் உணவு போதாமல் காட்டு அல்லிக் கிழங்குகளை அகழ்ந்து உண்டவரும் உளர். இப்பஞ்சத்தின் நினைவு மார்மன் இல்லத்தை விட்டு இன்றுவரை நீங்கவில்லை.

அந்நினைவு குடிகொண்டுள்ள இடம் அவ்வில்லத்தின் உக்கிராண அறையே. யூட்டாவில் பல வீடுகளின் நிலவறையில் கோதுமை, அவரை வகைகள், சருக்கரை, உப்பு, குடிநீர் ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். அவற்றோடு கண்ணாடிச் சாடிகளில் பழங்களும் அடைபட்டு நிற்கும். கோடையின் இறுதியில் பீச்சுப் பழம் கனியும் காலத்தில் இல்லத்தார் அனைவரும் அடுக்களையில் ஒன்றுகூடுவர். பழங்களைக் கொதிநீரில் ஒரு கணம் ஆழ்த்தி எடுத்தால் தோல் எளிதாக உரியும். சிறுவர் தோலை உரிப்பர். பெரியோர் பழத்தை இரண்டாகப் பிளந்து கொட்டையை நீக்குவர். சாடிகளில் அவற்றை அடுக்கிச் சருக்கரைப் பாகை ஊற்றி, ரப்பர் விளிம்புடைய மூடியிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துள் அமிழ்த்தி உரிய நேரம் வைப்பர். வெளியே எடுத்த சாடி ஆறுங்கால் மூடி உள்வாங்கி ‘டக்’ என்று ஓசை எழுப்பும். காற்றுப் புகாது மூடிக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். அவ்வோசை எழாத சாடியை ஒதுக்கி வைத்து உடனே உண்டு தீர்ப்பர். முன்னர் வைத்ததை முன்னரே எடுத்துப் பயன்படுத்துவதும் தவறாத விதி. இல்லையேல் சேமிப்பு குப்பையாகி விடும் அன்றோ? ஓராண்டுக்கு வேண்டிய உணவைச் சேமிக்குமாறு நெடுங்காலம் அறிவுறுத்திய சபையார், 2007-இல் அவ்விதியைத் தளர்த்தி, முதலில் மூன்று திங்களுக்கு வேண்டிய அன்றாட உணவைச் சிறிது சிறிதாகச் சேர்க்குமாறும், கடன்படாது சிறிது பணமும் வைத்திருக்குமாறும் கூறினர்.

இச்சேமிப்பில் மாதர் செய்த பணி தனியே கூறத்தக்கது. 1842-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் இல்லினாயிலுள்ள நாவூ நகரில் ‘நிவாரண சங்கம்’ என்னும் மாதர் சங்கம் தோன்றிற்று. ஜோசப் ஸ்மித்தின் மனைவியாகிய எம்மா ஸ்மித் அதன் முதல் தலைவியாவார். 1876-இல் பிரிகாம் யங், தானியம் சேமிக்குமாறு ஆடவர்க்குப் பன்முறை கூறியும் பயன் காணாமையால், அப்பொறுப்பை மாதரிடம் ஒப்புவித்தார். எம்மலைன் வெல்ஸ் என்னும் அம்மையார் அதற்குத் தலைமை பூண்டார். மாதர் அறுவடை முடிந்த வயல்களிற் சிந்திய கதிர்களைப் பொறுக்கியும், சிறுதொகை திரட்டிக் கோதுமை வாங்கியும் களஞ்சியங்களை நிரப்பினர். 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தால் அழிவுற்றபோது அக்களஞ்சியங்களினின்று மாவு சென்றது. முதல் உலகப் போரின்போது, 1918-இல், 2,00,000 புஷலுக்கு மேற்பட்ட கோதுமை அரசாங்கத்துக்கு விற்கப்பட்டது. ஒரு புஷல் கோதுமை ஏறத்தாழ 27 கிலோ என்று கொண்டால் அத்தொகையின் பெருமை விளங்கும். ஆனால் அவ்விற்பனைக்கு இசைந்த ஆடவத் தலைவர்கள் மாதர் தலைவியரை முன்னர்க் கலந்துகொள்ளவில்லை. பின்னரே அதற்காக வருத்தம் தெரிவித்தனர். வந்த பணத்தின் வட்டி தாய்மார் நலத்துக்கும் குழந்தைகள் நலத்துக்கும் செலவிடப்பட்டது. கதிர் பொறுக்கிய கைகள் ஒன்றாகவும், விலை பேசிய வாய் வேறாகவும் இருந்தமையை வாசகர் மறவாதிருப்பாராக.

இனி, உணவு விதிகளைக் காண்போம். மார்மன் இல்லத்தில் தேயிலைப் பானமும் காப்பியும் இரா. மதுவும் புகையிலையும் அறவே இரா. 1833-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் ஓகாயோ மாகாணத்துக் கர்ட்லண்டு ஊரில் எழுந்த ஓர் அருள்வாக்கே இவ்விதிக்கு மூலம். இதன் பிறப்பைப் பற்றிப் பிரிகாம் யங் பிற்காலத்தில் கூறிய செய்தி சுவையுடையது. ஸ்மித்தின் அறையிற் கூடிச் சமயக்கல்வி பயின்ற ஆடவர்கள் புகைபிடித்தும் புகையிலை மென்று தரையில் உமிழ்ந்தும் வந்தனர். அத்தரையைத் துடைத்துத் தூய்மை செய்யும் தொல்லை எம்மாவுக்கு வந்தது. அவர் குறை கூறவே, ஸ்மித் இறைவனிடம் விண்ணப்பஞ் செய்தார் என்பர். உலகெங்கும் பரவிய ஒரு நோன்புக்கு ஓர் இல்லாளின் துடைப்பத் துணியும் ஒரு காரணமாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

திங்கள்தோறும் முதல் ஞாயிறு உபவாச நாளாகும். அன்று உடல்நலமுடையோர் இரண்டு வேளை உணவை விடுத்து, அவ்வுணவுக்காகும் பணத்தையேனும் அதனினும் மிகுந்த தொகையையேனும் ஏழைகட்கு அளிப்பர். இது வருவாயிற் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்துக்குப் புறம்பானது. அப்பணம் ஊர்ச்சபையின் ஆயரிடம் சேரும். அவ்வாயர் சம்பளம் பெறும் குருவல்லர். பல் வைத்தியராகவோ உழவராகவோ பள்ளி ஆசிரியராகவோ தம் தொழில் செய்துகொண்டே சில ஆண்டுகள் அப்பணியாற்றும் குடும்பத்தலைவர். வேலையிழந்த ஒருவர் அவரை அணுகினால், சபையின் பண்டகசாலையினின்று மாவும் பாலும் காய்கறியும் பெறுவதற்குச் சீட்டு எழுதித் தருவர். இயன்றவர் அதற்கு ஈடாக ஏதேனும் ஒரு வேலை செய்து கொடுப்பர். பெருவாணிகம் வீழ்ந்து பலர் பிழைப்பிழந்த காலத்தில், 1936-இல், இவ்வுதவி முறை திட்டமாக வகுக்கப்பெற்றது. ஒரு வீட்டார் விடுத்த உணவு மற்றொரு வீட்டாரின் பசியைத் தணிப்பதே இதன் சாரம். ஆயினும் ஆயர் ஊரார் துயர் தீர்க்க இரவெல்லாம் அலையுங்கால் அவருடைய வீட்டைத் தாங்கி நிற்பவள் அவர் மனைவியே. அவளுக்கும் சம்பளம் இல்லை. பதவிப் பெயரும் இல்லை.

பிள்ளை வளர்ப்பே இவ்வில்லறத்தின் நடுநாயகம் எனலாம். காலையும் மாலையும் குடும்பத்தார் ஒருங்கே முழந்தாளிட்டு மன்றாடுவர். சிறு குழந்தையும் முறைவைத்து வாய்விட்டு ஜெபிக்கும். எட்டு வயதில் நீரில் முழுகுதல் முறையால் ஞானஸ்நானம் பெறுவர். பெரும்பாலும் தந்தையே அதனை அளிப்பர். வாரத்தில் ஒரு மாலையைக் குடும்பத்துக்கென்றே ஒதுக்கவேண்டும் என்று 1915-இல் சபைத் தலைவர்கள் அறிவுறுத்தினர். 1970-இல் திங்கட்கிழமை மாலை அதற்கென்று எங்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. அன்று ஒரு பாட்டு, ஒரு ஜெபம், வேதத்தினின்று ஒரு பாடம், பின்னர் விளையாட்டு, முடிவில் இனிப்புப் பண்டம் என ஒழுங்கு அமையும். சிறுவர் சண்டையிடுவதும், பாடம் கேட்கும் மைந்தன் உறங்கி விழுவதும் அங்கும் உண்டு. அவற்றாற் பயனின்றிப் போவதில்லை; மீண்டும் மீண்டும் ஒன்றாக உட்காரும் வழக்கமே கல்வியாக முடிகின்றது. 2019 முதல் ஞாயிறு ஆராதனையும் வகுப்பும் மூன்று மணி நேரத்தினின்று இரண்டாகக் குறைக்கப்பட்டன. மிஞ்சிய கற்பித்தலை வீட்டிலேயே நிகழ்த்துமாறு கூறப்பட்டது.

இதனோடு தொடர்புடைய ஒரு செய்தி நம்மவர்க்கு வியப்பளிக்கும். உப்பேரி நகரில் முதல் ஞாயிறு பாடசாலையை 1849-ஆம் ஆண்டு டிசம்பரில் தம் சொந்த வீட்டிலேயே தொடங்கியவர் ரிச்சர்டு பாலன்டைன் என்பார். அவரே தம் குடும்பத்தைப் பிரிந்து கடல்கடந்து 1853-இல் சென்னைப் பட்டினம் வந்து, ஏறத்தாழ ஓராண்டு தங்கி, ஒரு மாத இதழும் நடத்தினார். அவர் பணி இங்குப் பெரும்பயன் தரவில்லை, 1854-இல் திரும்பினார். வீட்டையே பாடசாலையாக்கியவர் அவ்வீட்டைத் துறந்து வந்தமை அச்சமயத்தின் இருமுகங்களையும் ஒருங்கே காட்டுகின்றது.

இல்லறத்தை இவர்கள் இத்துணைப் பெரிதாகப் போற்றுதற்குக் காரணம் யாது? ஆலயத்தில் உரிய சடங்கினால் இணைக்கப்பட்ட கணவனும் மனைவியும், அவர்தம் மக்களும் மரணத்துக்குப் பின்னரும் குடும்பமாகவே வாழ்வர் என்பது இவர்தம் நம்பிக்கை. குழந்தையைப் புதைத்த தாய்க்கு இந்நம்பிக்கை எத்துணை ஆறுதல் என்பதை நாம் எளிதில் உணரலாம். முன்னோர்களின் பெயர்களை இவர்கள் ஆர்வத்தோடு தேடித் தொகுப்பதும், 1894-இல் வமிச வரலாற்றுச் சங்கம் நிறுவியதும் இந்நம்பிக்கையின் விளைவே.

எனினும் ஆறுதல் தரும் அதே நம்பிக்கை வருத்தத்தையும் தருகின்றது. ஆலயத்துள் தகுதிச்சீட்டுப் பெற்ற உறுப்பினரே புகலாம். ஆகவே புதிதாக இச்சபையிற் சேர்ந்த மகளின் திருமணத்தின்போது, சேராத தாயும் தந்தையும் வெளியே காத்திருக்க நேரும். அமெரிக்காவில் முன்னர், முதலில் வெளியே அரசாங்க முறைப்படி மணந்தவர் ஆலயச் சடங்குக்கு ஓராண்டு காத்திருத்தல் வேண்டும் என்ற விதி இருந்தது. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்விதி நீக்கப்பட்டதால் அத்துன்பம் ஒருவாறு குறைந்தது. வளர்ந்த மகன் சபையை விட்டு நீங்கினால், மேசையில் ஒரு நாற்காலி வெறுமையாவதோடு, மறுமையிலும் அது வெறுமையாகுமோ என்று தாய் அஞ்சுகின்றாள். மணம் புரியாதோரும் மகப்பேறு இல்லாதோரும் குடும்பமே எல்லாம் என்று கேட்கும் ஒவ்வொரு ஞாயிறும் தம் குறையை எண்ணி நிற்பர்.

பலதார மணத்தையும் நாம் மறைத்தல் நேர்மையன்று. 1852-இல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட அவ்வழக்கத்தால் மனைவியர் பலர் அடைந்த துயரம் சிறிதன்று. 1890-இல் சபைத் தலைவர் வில்பர்டு உட்ரப் அதனை நிறுத்த அறிக்கை விடுத்தார். 1904-இல் அத்தடை மேலும் வலியுறுத்தப்பட்டது. இன்று அதனை மேற்கொள்வோர் சபையினின்று நீக்கப்படுவர். மாதர்க்குக் குருத்துவப் பதவிகள் இன்றும் இல்லை. ஆயினும் யூட்டா மாதர் 1870-இலேயே வாக்குரிமை பெற்றனர். 1887-இல் அதனை இழந்து, 1896-இல் மீண்டும் எய்தினர். ஐந்து மக்களை வளர்த்த இல்லாளாகிய லாரல் தாட்சர் உல்ரிச் என்னும் மார்மன் அம்மையார், பழங்காலத்து மருத்துவச்சி ஒருத்தியின் நாட்குறிப்பை ஆராய்ந்து எழுதிய நூலுக்கு 1991-இல் புலிட்சர் பரிசு பெற்றார். நூற்பும் நெசவும் மகப்பேறும் நிறைந்த அக்குறிப்பை அற்பமென்று பிறர் ஒதுக்க, அதுவே வரலாறு என்று காட்டியவர் அவர். அடுக்களையின் அருமையை அறிந்தவர்க்கே அக்கண் வாய்க்கும் போலும்.

இவர்தம் கோட்பாடுகள் பலவற்றை மற்றைத் திருச்சபைகள் ஏற்பதில்லை. இவர் அளிக்கும் ஞானஸ்நானத்தையும் பல சபைகள் ஒப்புக்கொள்வதில்லை. அவ்வேற்றுமைகள் சிறியன அல்ல. அவற்றை மழுப்பிக் கூறுவது நட்புமன்று, உண்மையுமன்று. ஆயினும், மாணவ நண்பர்காள், ஒரு கேள்வியை மட்டும் உங்கள்முன் வைக்கின்றோம். சமயம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையோடு முடிவதாயின், திங்கட்கிழமை மாலை நம் வீட்டில் நடப்பது யாது? மார்மன் மக்கள் அதற்கு ஒரு விடை கண்டுள்ளனர். அவ்விடையில் நிறைந்த சாடியும் உண்டு. வெறுமையான நாற்காலியும் உண்டு. சாடியை நிரப்பும் ஊக்கத்தை நாம் அவர்பாற் கற்கலாம். நாற்காலியில் இருந்தவர் திரும்பி வந்தாலும் வாராவிட்டாலும் அவரிடம் அன்பு குன்றாதிருத்தல், அவர்க்கும் நமக்கும் எல்லாச் சமயத்தார்க்கும் இன்னும் மீந்திருக்கும் பாடமாகும்.