ஒரே ஆறு, மூன்று முகம்

இயற்கையைப் படம் பிடிக்க ஊட்டிக்குத்தான் போகணுமா, நண்பர்களே? நம்ம பெரியபாளையத்து ஆரணியாறே போதும்!

ஆடியில் பவானி அம்மன் கோயில் பக்கம் ஜனக்கூட்டம். ஆற்றிலோ பெரும்பாலும் வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்து, ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையும் திறந்துவிட்டால் அதே ஆறு இரு கரை தொட்டு ஓடும். தை, மாசியில், ஆறு போய்ச் சேரும் பழவேற்காடு ஏரியில் பூநாரைக் கூட்டம்.

சர்வேயில் பெஞ்ச் மார்க் வைப்பதுபோல ஒவ்வொரு இடத்திலும் நிற்கும் புள்ளி, கேமரா உயரம், லென்ஸ் மூன்றையும் மாற்றாமல் வருஷாவருஷம் எடுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். காலை வெயில் சாய்வாக விழுவதால் மணலின் மேடுபள்ளம் நிழலோடு தெளிவாய்த் தெரியும்.

பத்து வருஷம் கழித்து மணல் எவ்வளவு இறங்கியது, கரை எங்கே அரித்தது என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி. அழகுக்காக எடுத்தது ஆற்றுக்கே ஆவணமாகிவிடும்!